அன்புராசா டீலோஸ் தீவில் அழவில்லை

1

இது என் உள்ளத்தில் ஊறி வந்த கதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏசி பழுதானதால் வந்த கதை.

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டு ஏசி, ஜூன் மாதத்தின் முதல் வெக்கை நாளன்று நின்றுபோனது. இப்படியான நேரத்தில் நான் கூப்பிடும் ஆள் அன்புராசா. முப்பது வருடச் சிநேகிதன். வீடுகளுக்கு ஏசியும், பனிக்காலத்தில் சூடாக்கும் ஃபேர்னஸும் பூட்டுவது, திருத்துவது அவன் தொழில். வீடு பிக்கரிங்கில். கூப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் கருவிப்பெட்டியோடு வந்து நிற்பான்.

அன்று சொன்னான்: "வாறன். அதுக்கு முதல் நீ அந்தக் கதையைத் திருத்து."

"எந்தக் கதை?"

"என்னை அழவைச்ச கதை."

"உன்னை அழவைச்சுதோ? நல்ல கதைதானே அப்ப," என்றேன் நான். என் எழுத்தைப் பற்றிய பேச்சு என்றால் எனக்குக் காது கொஞ்சம் கோணலாகத்தான் கேட்கும்.

"விசரா. நான் வாசிச்சு அழேல்லை. நீ அதுக்குள்ள என்னை அழவைச்சிருக்கிறாய். எல்லாத்தையும் மாத்தி, நடந்ததை நடந்தமாதிரி எழுது. அதே புத்தகத்தில போடு. பிறகு ஏசியைப் பாப்பம்."

போனை வைத்துவிட்டான். வீட்டுக்குள் முப்பத்திரண்டு பாகை. என் மனைவி சந்திரவதனா ஒரு பழைய கல்யாணக் கார்டால் விசிறிக்கொண்டு, "எழுதுங்கோ," என்றாள். முப்பது வருடத்தில் அவள் என்னை எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை.

2

அந்தப் பழைய கதையை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். அதை வாசித்தவர்கள் எல்லோரையும் எனக்குப் பெயரோடு தெரியும்.

போன ஆவணியில் நாங்கள் நாலு பேர் கிரேக்கத்துக்குப் போனோம். நானும் சந்திரவதனாவும், அன்புராசாவும் அவன் மனைவி றீற்றாவும். மிக்கோனோஸ் என்ற தீவில் தங்கி, ஒரு நாள் படகில் பக்கத்திலுள்ள டீலோஸ் தீவுக்குப் போனோம். ஆட்கள் குடியிருக்காத பழைய தீவு அது. கோயில் இடிபாடுகள், உடைந்த தூண்கள், வரிசையாக உட்கார்ந்திருக்கும் வெண்பளிங்குச் சிங்கங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் நான் ஒரு கதை எழுதினேன். தலைப்பு: "உப்பின் நினைவறை". இங்கே வரும் ஒரு காலாண்டிதழின் பனிக்கால இதழில் வெளியானது.

அதன் நாயகன் அன்ரன். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில் தப்பியோடிய மீனவ இளைஞன். முப்பத்தைந்து வருடம் கழித்து, கனடாக்காரனாக, கிரேக்கத் தீவொன்றுக்குப் போகிறான். படகில் கால் வைத்ததும் கை நடுங்குகிறது. தீவில் இறங்கியதும் உடைந்த தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்து, "அம்மா" என்று அலறுகிறான். திரும்பிப் படகில் ஏற மறுக்கிறான். கடைசி வரி: "கடல் அவனை மன்னிக்கவில்லை, அவனும் கடலை."

(இதை இங்கே தட்டச்சு செய்யும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம்தான்.)

அன்ரன் யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி கவனமாக மறைத்திருந்தேன். வீட்டைப் பிக்கரிங்கிலிருந்து ஏஜக்ஸுக்கு மாற்றினேன்.* ஏசி திருத்துபவனைக் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவன் ஆக்கினேன்.

பங்குனியில் ஸ்கார்பரோவில் அந்த இதழுக்கு ஒரு விமர்சன அரங்கு நடந்தது. முப்பத்தைந்து கதிரை, பதினான்கு பேர், அதில் ஆறு பேர் பேச்சாளர்கள். ஒரு விமர்சகர் என் கதையை எடுத்து "புலம்பெயர் உடலின் உப்பு அரசியல்" என்று நாற்பது நிமிடம் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் மிகவும் பெருமையாக இருந்தது. முடிவில் ஒரு கேடயம் தந்தார்கள். குலசிங்கம் என்ற என் பெயரில் 'ங்' விட்டுப்போயிருந்தது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

* பிக்கரிங்குக்கு அடுத்த ஊர் ஏஜக்ஸ். நெடுஞ்சாலையில் ஒரு வெளிவாசல் தள்ளி. என் கற்பனை அவ்வளவு தூரம்தான் போகும்.

3

பின்விளைவுகளை அன்புராசா வாயாலேயே கேட்டேன். ஏசி நின்றதற்கு அடுத்த நாள் அவன் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டபோது பட்டியல்போட்டுச் சொன்னான்.

"சேர்ச்சில பூசை முடிஞ்சு வெளியில வாறன், ஒரு அன்ரி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறா இல்லை. 'ராசா, எல்லாத்தையும் உள்ளுக்க வைச்சிருந்திட்டாய்' எண்டு அழுறா. நான் என்ன செய்ய? நானும் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டனான். இன்னொராள் மனநல வைத்தியற்றை நம்பர் தந்தவர். என்ர மகள் நடாஷா, 'Dad, you never told us' எண்டு ஒரு கிழமையா என்னை ஒரு மாதிரிப் பாக்கிறாள். உதெல்லாம் பரவாயில்லை மச்சான். ஆனா ஒண்டு, ஒருத்தருக்கும் சொல்லாத."

"என்ன?"

"பேசாலையில இருந்து அண்ணன் போன் எடுத்தவர்."

அன்புராசாவின் அண்ணன் இன்னும் மன்னாரில், அவர்களுடைய ஊரான பேசாலையில் மீன்பிடிக்கிறார். அவருக்கு யாரோ என் கதையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். என் எழுத்து கடல் கடந்து போனதில் எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சி வந்ததை மறைக்க விரும்பவில்லை.

"அவர் கேக்கிறார், 'என்னடா, கடலைக் கண்டு குளறினியாமே? தூணைப் பிடிச்சுக்கொண்டு வரமாட்டன் எண்டியாமே? இஞ்ச மீன்வாடியில சனம் சிரிக்குது' எண்டு. ஐயா உயிரோட இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்? நான் பத்து வயசில வள்ளத்தில ஏறினவன். கடலுக்குப் பயந்தவன் எண்டு என்னை எழுதிப்போட்டாய் குலம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நான் வாகனக் காப்புறுதி அலுவலகத்தில் இருபது வருடமாக முறைப்பாடு கேட்பவன்.

4

சரி, திருத்தி எழுதுகிறேன்.

முதல் முயற்சி: "ஏஜியன் கடலின் நீலம், மனிதனின் ஆதித் துயரத்தைப் போல—"

இல்லை.

இரண்டாவது முயற்சி: "அன்புராசா வீரமான மீனவன். அலைகள் அவனைக் கண்டால்—"

இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். (அன்புராசா: "உது எம்ஜிஆர் படம். மனுசரை எழுது.")

மூன்றாவது முயற்சி: "அன்று காலை எட்டரை மணிக்கு நாங்கள் நாலு பேரும் மிக்கோனோஸ் துறைமுகத்தில் நின்றோம்."

(அன்புராசா: "ஒன்பதேகால். நீ சப்பாத்துத் தேடினதில பிந்தினது. சரி, போ.")

அன்று காலை ஒன்பதேகால் மணிக்கு நாங்கள் நாலு பேரும் மிக்கோனோஸ் துறைமுகத்தில் நின்றோம். எங்களுக்கும் வேறு சுற்றுலாக்காரர்களுக்கும் சேர்த்து ஒழுங்கு செய்திருந்தது ஒரு சின்னப் படகு. ஒரு வழிகாட்டிப் பெண்ணோடு போய், பார்த்து, அதே படகில் திரும்பி வருவது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அன்புராசா படகின் பின்பக்கம் போய்க் கயிற்றைப் பார்த்தான். பிறகு வடக்கே திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றான்.

"காத்து எழும்பும். மத்தியானத்துக்குப் பிறகு நல்லா அடிக்கும்," என்றான்.

"இப்ப இலையே அசையேல்லையே," என்றாள் சந்திரவதனா.

"அங்க தூரத்தில தண்ணி நிறம் மாறிக் கிடக்குது, பாருங்கோ. போகேக்கை பிரச்சினையில்லை. வரேக்கை கொஞ்சம் ஆட்டும்."

இப்படிச் சொல்லிவிட்டு ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்: "கைகளை மறைக்கிறான். நடுக்கம்?" அவன் துழாவியது ஒரு பிளாஸ்ரிக் பையை. அதை எடுத்து என்னிடம் தந்தான்.

"இது எதுக்கு?"

"உனக்கு வேண்டி வரும்."

பத்து நிமிடத்தில் வேண்டி வந்தது.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவன். செம்மண், வாழைத்தோட்டம், கிணறு. கனடாவுக்கு விமானத்தில், கொழும்பிலிருந்து வந்தேன். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நான் ஏறிய மிகப்பெரிய கப்பல், ரொறன்ரோ மையத்தீவுக்குப் போகும் ஃபெரிப் படகு. அதில்கூட நடுவில்தான் நிற்பேன். படகு துறைமுகத்தைத் தாண்டி முதல் தடவை மேலே போய்க் கீழே விழுந்தபோது, என் வயிறு மேலேயே நின்றுவிட்டது. என் கைகள் நடுங்கத் தொடங்கின. ஆம், கதையில் வந்த அதே நடுக்கம். "விரல் நுனிகளில் தொடங்கி முழங்கை வரை பரவிய, பெயரற்ற ஒரு நடுக்கம்" என்று அதில் எழுதியிருந்தேன். வர்ணனை பிழையில்லை. கைதான் வேறு.

அன்புராசா என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். "படகைப் பாராத. தூரத்தில அந்த மலையைப் பார். அது அசையாது," என்றான்.

5

டீலோஸில் நிழல் இல்லை. வழிகாட்டிப் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். சிங்கங்களின் முன்னால் நிறுத்தி ஒரு செய்தி சொன்னாள். இது புனிதத் தீவு என்பதால் ஒரு காலத்தில் இங்கே யாரும் பிறக்கக்கூடாது, இறக்கவும் கூடாது என்று சட்டம் இருந்ததாம். பிள்ளைத்தாச்சிகளையும் சாகக் கிடப்பவர்களையும் படகில் ஏற்றி எதிர்த் தீவுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

நான் குறிப்பேட்டில் மூன்று கோடு போட்டேன். படகு, சாவு, அகதி. எல்லாம் ஒரே வசனத்தில் கிடைத்தால் எந்த எழுத்தாளன் விடுவான்? இந்த நேரத்தில் அன்புராசாவின் முகம் இருளவேண்டும் என்று எதிர்பார்த்து அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முட்டைச் சான்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பிள்ளைத்தாச்சியை வள்ளத்தில ஏத்தினவங்களோ? மடையங்கள்," என்றாள் றீற்றா. அவளும் மன்னார்தான். அவ்வளவுதான் அவர்கள் தரப்பிலிருந்து வந்த உணர்ச்சி. நான் அதைப் பயன்படுத்தவில்லை.

பகல் ஒரு மணிக்குக் காற்று எழும்பியது. அவன் சொன்னது போலவே. தொப்பிகள் பறந்தன. துறையில் கட்டியிருந்த எங்கள் படகு, கட்டிப்போட்ட மாடு தலையாட்டுவதுபோல ஆடியது. கடல் முழுக்க வெள்ளை. வழிகாட்டி எங்களைக் கூட்டிச் சேர்த்து, இன்னும் அரை மணித்தியாலத்தில் புறப்படவேண்டும், பிந்தினால் இன்னும் மோசமாகும், தீவில் இரவு தங்க ஒருவருக்கும் அனுமதி இல்லை என்றாள்.

இனி வருவதை நான் நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். (அன்புராசா: "அழிக்காத." சந்திரவதனா, சமையலறையிலிருந்து: "நானும் கண்டனான். அழிச்சால் நான் எழுதுவன்.")

நான் நடந்து போய் விழுந்து கிடந்த ஒரு தூணில் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்றேன். சந்திரவதனா கையைப் பிடித்து இழுத்தாள். நான் தூணைக் கட்டிப்பிடித்தேன். "என்னை விட்டிட்டுப் போங்கோ. நாளைக்கு வாறன்," என்றேன். இங்கே நாளை வரைக்கும் இருக்க ஏலாது என்று அவள் சொன்னாள். அப்போதுதான் அழுதேன். மெல்ல அல்ல. "அம்மா" என்று சொன்னது நான்தான். ஒரு ஜெர்மன் குடும்பம் நின்று பார்த்தது. காவலர் ஒருவர் தூரத்திலிருந்து விசிலடித்தார். என் துயரத்துக்கு இல்லை. இரண்டாயிரத்து முந்நூறு வருடத் தூணில் உட்கார்ந்ததற்கு.

அன்புராசா வந்தான். சிரிக்கவில்லை. அதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்யவேண்டும். மற்ற எல்லோரும், என் மனைவி உட்பட, கொஞ்சமாவது சிரித்தார்கள்.

"எழும்பு குலம்," என்றான். "நான் பக்கத்தில இருக்கிறன்தானே."

படகின் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில் என்னை இருத்தினான். தான் காற்று வரும் பக்கம் உட்கார்ந்தான். என் கண்களை மூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு அலையையும் முன்கூட்டியே சொன்னான்: "இப்ப ஒரு சின்னன் வருது... போயிட்டுது. அடுத்தது கொஞ்சம் பெரிசு. மூச்சை விடு. போயிட்டுது." தண்ணீர் எல்லாம் அவன் முதுகில்தான் விழுந்தது. முக்கால் மணித்தியாலம் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு அலைகூட அவன் சொல்லாமல் வரவில்லை.

6

இந்த இடத்தில் கட்டுரைபோல ஒரு பத்தி எழுதுவது என் வழக்கம். விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நடந்ததை ஏன் நடந்தபடி எழுதவில்லை? காப்புறுதி அலுவலகக்காரன் ஒருவன் கடல் ஒத்துக்கொள்ளாமல் பழைய கல்லைக் கட்டிப்பிடித்து அழுதான் என்றால் அது இலக்கியம் ஆகுமா? அதற்குக் கேடயம் தருவார்களா? ஆனால் அதே கண்ணீரை எடுத்து, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்த ஒருவனின் கண்ணில் வைத்தால், உடனே அது வரலாறு ஆகிவிடுகிறது. நான் செய்தது அந்த மாற்றம் ஒன்றுதான். கண்ணீர் அசல். அதற்கு நான் சாட்சி.

அன்புராசாவின் வீட்டு டிரைவ்வேயில் நீலப் படங்குத் துணியால் மூடிய பதினாறடி அலுமினிய வள்ளம் ஒன்று எப்போதும் நிற்கும். கோடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரிக்குப் போவான். பிடித்த மீனில் எங்களுக்கும் தருவான். கடலைக் கண்டு நடுங்கும் அன்ரனின் வீட்டு வாசலில் அந்த வள்ளம் நின்றால் கதை கெட்டுப்போகும் என்று அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு மேப்பிள் மரம் நட்டேன்.

சந்திரவதனாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன்.

"நீங்கள் உங்களை எழுத வெக்கப்பட்டு அந்த மனுசனை எழுதியிருக்கிறியள்," என்றாள். "இதைச் சொல்ல உங்களுக்கு மூண்டு பந்தி தேவைப்படுது."

பிறகு சாவகாசமாக ஒன்று சொன்னாள்: ஏசி திருத்தியாகிவிட்டதாம். முந்தின நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் அன்புராசா வந்திருக்கிறான். "உங்களுக்காக இல்லையாம். எனக்காகவாம்." வீடு குளிர்ந்துதான் இருந்தது. கதைக்குள் மூழ்கியிருந்ததால் நான் கவனிக்கவில்லை.

ஆகவே இந்தக் கதையை முடிக்க இப்போது எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தாள்களை எடுத்துக்கொண்டு பிக்கரிங்குக்குப் போனேன்.

7

அன்புராசா சமையலறை மேசையில் இருந்து வாசித்தான். விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒரு தாளையும் தாண்டாமல். றீற்றா அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டு நின்றாள். தூண் வந்த இடத்தில் அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பு. பத்து மாதம் கழித்து, இப்போதுதான்.

"சரி. இதை அண்ணனுக்கு அனுப்பலாம்," என்றான். "ஆனா முடிவு இல்லையே."

மூன்று முடிவு கொண்டுவந்திருந்தேன்.

முதலாவது: கரையில் இறங்கியதும் நான் அவனைக் கட்டிப்பிடிக்கிறேன். ("நீ கட்டிப்பிடிக்கேல்லை. கழுவுறதுக்குத் தண்ணி கேட்டனி.")

இரண்டாவது: அதே அரங்கில் நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லி, கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன். ("அவங்கள் அதுக்கும் ஒரு கேடயம் தருவாங்கள்.")

மூன்றாவது: நானும் அவனும் அவனுடைய வள்ளத்தில் ஏரியில் போகிறோம். என் பயம் தெளிகிறது. ("ஏறுவியோ?" என்று கேட்டான். நான் றீற்றாவின் மீன் சட்டியைப் பார்த்தேன். அவன் அந்தத் தாளை மடித்து வைத்தான்.)

பிறகு மற்றத் தாள்களை அடுக்கி ஒரு பக்கம் வைத்தான்.

"குலம், நான் ஒண்டு கேக்கிறன். அந்த முதல் கதையில, தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில வந்தது எண்டு ரெண்டு பக்கம் எழுதியிருந்தாய். இருட்டு, அலை, துவக்குச் சூட்டுச் சத்தம். உதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான்."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

முப்பது வருடம். ஒரே அறையில் நாலு பேராகக் கட்டில் மாறிப் படுத்த காலம் உட்பட. ராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனவன் என்ற ஒரே ஒரு வசனம்தான் எனக்குத் தெரியும். அந்த வசனம் எனக்குப் போதுமாக இருந்தது. அது கதைக்கு வசதியாகவும் இருந்தது.

"இப்ப கேக்கிறன்," என்றேன். "என்ன நடந்தது?"

றீற்றா அடுப்பை நிறுத்தினாள்.

அவன் சொன்னான். பத்து நிமிடம் இருக்கும். அலை பெரிதாக இருக்கவில்லையாம். துவக்குச் சத்தமும் இல்லையாம். நான் எழுதிய இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. குரல் மாறவில்லை. ஏசியில் எந்தப் பாகம் பழுது என்று வீட்டுக்காரருக்கு விளக்கும் அதே குரல். ஒரு இடத்தில் மட்டும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தி, மேசை விரிப்பின் மடிப்பை நேராக்கிவிட்டுத் தொடர்ந்தான். றீற்றா வந்து அவன் கதிரைக்குப் பின்னால் நின்றாள். முடிந்ததும், "இது எழுதிறதுக்கு இல்லை," என்றான்.

8

வீட்டுக்கு வந்து எழுதினேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன பயன்? அவன் சொன்னதை ஒரு பக்கத்தில், ஒரு அலங்காரமும் இல்லாமல் எழுதினேன். நான் இதுவரை எழுதியதில் அதுதான் நல்ல பக்கம். திரும்ப வாசித்தேன். விமர்சகருக்குக்கூட நாற்பது நிமிடம் பேச ஒன்றும் இருந்திருக்காது. பிறகு அழித்தேன். கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன்.

ஆகவே இந்த எட்டாம் பகுதியில் வரவேண்டியது உங்களுக்கு இல்லை. இந்நேரம் நீங்களே ஒன்றைக் கட்டத் தொடங்கியிருப்பீர்கள் என்று தெரியும். இருட்டு, அலை, துவக்குச் சத்தம் என்று. கட்டுங்கள், தடுக்க முடியாது. ஆனால் அது உங்களுடையது என்பதை மறக்காதீர்கள்.

அன்று அவன் வீட்டிலிருந்து புறப்படும்போது வாசலில் வைத்து நான் கேட்டேன், "அப்ப கதையை எப்பிடி முடிக்கிறது?"

அன்புராசா கொஞ்சம் யோசித்தான்.

"எல்லாரும் திரும்பி வந்தவை எண்டு எழுது."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. சுற்றுலாப் படகுதானே."

"பரவாயில்லை. எழுது," என்றான். "போகேக்கை படகுக்காரரோட முப்பத்தொரு பேர். வந்து இறங்கேக்கையும் முப்பத்தொண்டு. நான் எண்ணினனான்."